மழை, வெள்ளம், புயல்: அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீரும் மின்சாரமும் நிற்காமலிருக்க

2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் அடையாறு கரை மீறியபோது, எங்கள் குடியிருப்பின் முதல் மாடிக்குக்கூட வெள்ளம் ஏறவில்லை. ஆனாலும் மறுநாள் காலை மூன்றாம் மாடியில் இருந்தவர்களுக்கும் பல் துலக்கத் தண்ணீர் இல்லை. சம்ப், மோட்டார், மீட்டர் பெட்டி, ஜெனரேட்டர் ஆகிய நான்கும் தரைத்தளத்தில் இருந்தன, நான்கும் மூழ்கிவிட்டன. மாடியில் குடியிருப்பதால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தோம். நம்மை மாடியில் வாழவைக்கிற சாமான் அத்தனையும் கீழே இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டே வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று புயல்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு குறையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனது. எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் கேட்டு, கையைச் சுட்டுக்கொண்டு நாங்கள் தெரிந்துகொண்டவை இவை. நாங்கள் இருப்பது 24 வீடுகள் கொண்ட கட்டடம். தனி வீட்டுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. முதல் வேலை, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவது. உங்கள் தெருவில் இதுவரை வந்த வெள்ளங்களில் எது அதிகம் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். கார் பார்க்கிங் சுவரில் பழைய கறை இருந்தால் அதுவே சாட்சி. அதற்கு ஓர் அடி மேலே சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனால், உங்கள் கட்டடம் எந்த வரிசையில் செயலிழக்கும் என்பது காகிதத்தில் தெரிந்துவிடும். இந்தக் குறிப்புகள் அனைத்தும் அந்த ஒரு கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

2. மீட்டர் பெட்டியைக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். மீட்டருக்கு முத்திரை உண்டு. அதை நாமே கழற்றி மாற்றக்கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அவர்கள் முன்னிலையில்தான் மாற்ற வேண்டும். மழைக்காலம் தொடங்கிய பிறகு இந்த வேலை நடக்காது. கோடையிலேயே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

3. பொது மின்இணைப்பில் கீழ்த்தள விளக்குகள், கேட் விளக்கு, பார்க்கிங் பிளக் பாயின்ட் ஆகியவற்றுக்குத் தனி வயர், தனி எம்.சி.பி. போடச் சொல்லுங்கள். பல கட்டடங்களில் மாடிப்படி விளக்கும் பார்க்கிங் விளக்கும் ஒரே இணைப்பில் இருக்கும். பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் மொத்தத்தையும் அணைக்க வேண்டியிருக்கும். பிரித்துவிட்டால் கீழே மட்டும் அணைத்துவிட்டு மேலே விளக்கோடு இருக்கலாம். எங்களுக்கு இது ஒரு நாள் வேலையாகத்தான் இருந்தது.

4. தண்ணீர் வாசலைத் தாண்டும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. காலடியில் தண்ணீர் நிற்கத் தொடங்கிய பிறகு மெயின் ஸ்விட்சின் பக்கமே போகாதீர்கள். செருப்பு போட்டிருக்கிறேன், கம்பால் தட்டிவிடுகிறேன் என்ற துணிச்சலெல்லாம் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு (94987 94987) சொல்லி டிரான்ஸ்ஃபார்மரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மழை வெள்ளத்தில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் பலர். அப்படி இழந்த உயிருக்கு ஈடு எதுவும் கிடையாது.

5. ஒவ்வொரு வீட்டிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ஷாக் அடித்தால் மனிதரைக் காப்பாற்றுவது அதுதான். சாதாரண எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுமே தவிர உங்களை அல்ல. ஆர்.சி.சி.பி.யில் ‘டெஸ்ட்’ பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் ‘டக்’கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

6. தண்ணீர் வடிந்ததும் மின்சாரம் வந்துவிட்டதே என்று மெயினைப் போட்டுவிடக் கூடாது. மூழ்கிய ஸ்விட்ச் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், ஜங்ஷன் பெட்டி எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் திறந்து, சேற்றைக் கழுவி, உலர்த்தி, மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்த பிறகே இணைப்பு கொடுக்க வேண்டும். அப்போதும் எல்லா எம்.சி.பி.க்களையும் கீழே இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

7. இனி தண்ணீர். சம்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், வெள்ளம் வரும் முதல் நாளிலேயே தெருச் சாக்கடை உங்கள் குடிநீரில் கலந்துவிடும். கொத்தனாரை வைத்துச் சம்பின் வாயைச் சுற்றி இரண்டு அடி உயரத்துக்குக் கழுத்து எழுப்பி, ரப்பர் வளையம் வைத்த மூடி போடுங்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். காற்றுக் குழாயும் வழிகுழாயும் இன்னும் தாழ்வாகவே இருக்கும், வெள்ளம் அவற்றின் வழியே தாராளமாக உள்ளே போகும். எங்கள் சம்ப் இரண்டாவது முறை கெட்டது அப்படித்தான். இரண்டையும் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றி, முனையைக் கவிழ்த்து, கொசுவலை கட்டுங்கள்.

8. மின்சாரம் இல்லாதபோது பயன்படக்கூடிய ஒரே சேமிப்பு மொட்டைமாடித் தொட்டிதான். சம்பில் 20,000 லிட்டர் இருந்தாலும் மோட்டார் ஓடாவிட்டால் அது கிணற்றில் போட்ட கல். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலி பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று தூக்கி அடுத்த வீட்டில் போட்டுவிடும். 1,000 லிட்டர் நிரம்பிய தொட்டி ஒரு டன் எடை, அசையாது. மூடியை மட்டும் நைலான் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

9. அந்தத் தண்ணீர் எத்தனை நாள் வரும்? கட்டட விதிகள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. பேரிடர் நிவாரணத்தில் உலகெங்கும் வைத்துக்கொள்ளும் குறைந்த அளவு 15 லிட்டர். எங்கள் கட்டடத்தில் சுமார் 90 பேர். மேல்தொட்டிக் கொள்ளளவு 10,000 லிட்டர். வழக்கம்போல் செலவழித்தால் ஒரு நாளைக்கே போதாது. 15 லிட்டராகச் சுருக்கினால் ஏழு நாள் வரும். அதே தொட்டி, அதே தண்ணீர்தான். 2015-இல் எங்களிடம் இருந்த தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துபோனது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லா வாளிகளிலும் பிடித்து வைத்ததே காரணம்.

ஆகவே எச்சரிக்கை காலத்தில் தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும் திறப்பது என்று குடியிருப்புச் சங்கத்தில் முன்கூட்டியே தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேசித் தீர்மானிக்க முடியாது, சண்டைதான் வரும். முதல் மாடிக்காரர்களுக்கு வேகமாகவும் மேல்மாடிக்கு மெதுவாகவும் தண்ணீர் வரும் என்பதால், வீட்டுக்கு இத்தனை வாளி என்று எண்ணிக்கை வைப்பது நியாயம்.

10. புதிய தொட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்ததும் ‘ரிசர்வ்’ திருப்புவோமே, அதேபோல. அன்றாடம் வீடுகளுக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியில் வைக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். அடியில் இன்னொரு குழாய் வைத்து, வால்வை மூடிப் பூட்டிவிடுங்கள். மேல்குழாயில் தண்ணீர் நின்ற பிறகும் அடித்தண்ணீர் மிச்சம் இருக்கும். அது தேங்கிக் கெடாமல் இருக்க மாதம் ஒருமுறை அடிக்குழாயையும் திறந்துவிட வேண்டும்.

11. வெள்ளநீர் சம்பில் புகுந்துவிட்டால், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிடவும் கூடாது. ஏற்றினால் நல்ல தொட்டியும் குழாய்களும் சேர்ந்து கெடும். ஆனால் அவசரப்பட்டு உடனே சம்பைக் காலி செய்யவும் வேண்டாம். சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கும்போது காலித் தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து தூக்கும். தரை விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டியானால் மேலேயே எழும்பி வந்துவிடும். தெருவில் தண்ணீர் வடிந்து ஓரிரு நாள் போகட்டும். பிறகு இறைத்து, சேற்றை அள்ளி, சுவரையும் தரையையும் பிளீச்சிங் கரைசலால் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வெளியே ஊற்றிய பின் புதுத் தண்ணீர் விடுங்கள்.

சம்பைச் சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மேலே இருவர் நிற்க வேண்டும். டீசல் அல்லது பெட்ரோல் பம்ப் வைத்து இறைத்தால் எஞ்சினைச் சம்பின் வாயருகே வைக்காதீர்கள். அதன் புகை உள்ளே இறங்கினால் இறங்கியவர் மூச்சடைத்து விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார்.

12. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சுத்தமான தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் போதும். சம்பின் நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் சுமார் 13,600 லிட்டர். அதற்கு ஏறக்குறைய 70 கிராம். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். மேல்தொட்டிக்கு ஏற்றிய பிறகு எல்லா வீட்டுக் குழாய்களையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டால் குழாய்களும் சுத்தமாகும்.

பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதனால் ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

13. குடிக்கும் தண்ணீர் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் மின்சாரம் இல்லாமல் ஓடாது, ஓடும்போது பாதிக்கு மேல் தண்ணீரை வெளியே தள்ளும். எச்சரிக்கை வந்த அன்றே அதில் பிடித்து எவர்சில்வர் குடங்களில் மூடி வையுங்கள். தண்ணீரில் பெட்ரோல் அல்லது எண்ணெய் வாடை வந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, குளோரின் போட்டும் பயனில்லை. கொட்டிவிடுங்கள்.

14. வெள்ளத்தில் தண்ணீர் இல்லை என்று தவிக்கும்போதே மொட்டைமாடியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் முதல் மாடி மட்டத்தில் ஒரு ‘டீ’ இணைப்பும் வால்வும் வைத்து, கீழே டிரம் வையுங்கள். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடித்தால் கழிப்பறைக்கும் துணி அலசவும் கவலையில்லை.

15. கழிவுநீரைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தெருவில் மேன்ஹோல் நிரம்பினால் தண்ணீர் வந்த வழியே திரும்பி, தரைத்தளக் கழிப்பறையில் பொங்கும். இதற்குத் தெருவுக்குப் போகும் கடைசிச் சேம்பரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதில் மாட்டிய துணி, முடியை எடுத்துவிட வேண்டும். வால்வு இல்லாதவர்கள் மணலை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழிப்பறைக் குழியிலும் குளியலறைச் சல்லடையிலும் அழுத்தி வையுங்கள்.

மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது நீங்கள் மேலே ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கீழ்வீட்டுக்காரர் வீட்டில்தான் பொங்கும். வால்வு இருந்தாலும் இதே கதைதான், அது தெருத் தண்ணீரைத் தடுக்கும்போது உங்கள் தண்ணீரையும் வெளியே விடாது. அந்தச் சில மணி நேரம் துணி துவைக்காதீர்கள், குளிக்காதீர்கள். மிக்ஜாம் சமயத்தில் எங்கள் தரைத்தளத்தில் இருந்த வயதான தம்பதி இதனால் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

16. செப்டிக் டேங்கிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்காதீர்கள். சட்டம் 2013-லிருந்து தெளிவாகத் தடை செய்திருக்கிறது. கழிவுநீர் லாரி வரத் தாமதமானாலும் காத்திருங்கள்.

17. ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில் இருந்தால் இரண்டு விதத்தில் கேடு. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். மூழ்காவிட்டால் புகை வெளியேறாமல் மாடிப்படி வழியே வீடுகளுக்குள் ஏறும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். திறந்த இடத்தில், கோட்டுக்கு மேலே கான்கிரீட் மேடை எழுப்பி, ஜன்னல்களுக்கு எதிர்த்திசையில் புகைக்குழாய் வைத்து நிறுத்துங்கள். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ ஓட்டவே கூடாது.

18. ஜெனரேட்டரைப் பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்க மின்சாரம் கொடுப்பது சிலருக்கு வழக்கம். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் வழியே திரும்பிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக மாறி, லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிற லைன்மேனைக் கொன்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். நமக்கு விளக்கு கொடுக்க வருகிறவரை நாமே கொல்லலாமா? சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்காதீர்கள்.

19. டீசல் கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் கிடைக்கும். 10 கிலோவாட் அளவுக்கு ஓட்டினால் மணிக்கு சுமார் 3.5 லிட்டர். நாள் முழுக்க ஓட்டினால் 80 லிட்டருக்கு மேல் ஆகும், வெள்ள நேரத்தில் அவ்வளவு டீசலுக்கு எங்கே போவது? காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஐந்து நாளைக்கு 35 லிட்டர் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் முதலில் தண்ணீர் மோட்டார். அது நின்ற பிறகு இன்வெர்ட்டர் சார்ஜும் கைப்பேசி சார்ஜும். லிஃப்ட் அதற்குப் பிறகுதான், அதுவும் முடியாதவர்களுக்கு மட்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும், அதனால் மற்ற எதுவும் ஓடாத நேரத்தில் அதை முதலில் போடுவதே சரி. மழை இல்லாத மாதங்களிலும் வாரம் பத்து நிமிடம் ஜெனரேட்டரை ஓட்டிப் பாருங்கள். அவசரத்தன்று கிளம்பாத ஜெனரேட்டர்களில் பல, பேட்டரி இறங்கிப்போனவைதான்.

20. வீட்டு இன்வெர்ட்டரை எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் நடைமுறையில் 1.2 யூனிட் எடுக்கலாம். பழைய மின்விசிறி இரண்டு, எல்.இ.டி. விளக்கு நான்கு, இன்டர்நெட் மோடம் என்று ஓட்டினால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று, விளக்கு இரண்டு, மோடம் என்று குறைத்துக்கொண்டால் 20 மணி நேரம் வரும். மின்சாரம் போன முதல் மணி நேரத்திலேயே குறைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிய பிறகு சிக்கனம் பார்த்துப் பயனில்லை. தரைத்தள வீடுகளில் பேட்டரியை மேசை உயரத்துக்கு ஏற்றி வையுங்கள்.

21. மாடியில் சோலார் போட்டவர்கள் கவனிக்க: மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண சோலார், லைனில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் எவ்வளவு அடித்தாலும் ஒரு விளக்குகூட எரியாது. கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பேரிடரிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே இதைக் கேட்காதவர்கள், முதல் புயலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

22. வெள்ள அறிகுறி தெரிந்ததும் லிஃப்டை இரண்டாம் மாடிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, கதவை மூடி, லிஃப்டின் மெயினை அணைத்துவிடுங்கள். லிஃப்ட் குழிதான் கட்டடத்தின் மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று, தண்ணீர் முதலில் தேங்குவது அங்கேதான். கீழ்த்தளத்துக்குத் தானாக இறங்கும்படி அமைத்த லிஃப்ட், மின்சாரம் வந்ததும் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். வடிந்த பிறகு குழியை இறைத்து, மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டாதீர்கள்.

23. சமையல் கேஸ் சிலிண்டர் கனமாயிற்றே, நகராது என்று நினைக்க வேண்டாம். 14.2 கிலோ கேஸ் உள்ள நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை சுமார் 30 கிலோ. அதன் கொள்ளளவோ 33 லிட்டருக்கு மேல். அதாவது நிரம்பிய சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும், டியூபை அறுத்துக்கொண்டு போகும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். குழாய் கேஸ் உள்ள கட்டடங்களில் பொது வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். கசிவு வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து வெளியே வந்து, சிலிண்டர் கேஸ் என்றால் 1906-ஐ அழையுங்கள்.

24. கைப்பேசிக் கோபுரங்களும் பேட்டரியில் ஓடுபவைதான், சில மணி நேரத்தில் அவையும் ஓய்ந்துவிடும். சிக்னல் இருக்கும்போதே உறவினர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். போகும். வீட்டுக்கு ஒரு பவர் பேங்க், மாடிக்கு ஒரு பேட்டரி ரேடியோ.

25. எந்த வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், எந்த வீட்டில் டயாலிசிஸ் எடுப்பவர், எங்கே நடக்க முடியாதவர், எங்கே கைக்குழந்தை என்று ஒரு பட்டியல் சங்கச் செயலரிடம் இருக்க வேண்டும். கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அந்த வீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி இணைப்பு கொடுங்கள், சிலிண்டர் ஆக்சிஜன் ஒன்றையும் முன்னதாகவே வரவழையுங்கள். டயாலிசிஸ் நோயாளியைத் தண்ணீர் ஏறுமுன் மருத்துவமனைக்கு அருகில் மாற்றிவிடுவதே நல்லது. இன்சுலினை ஃபிரிட்ஜ் இல்லாதபோது ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸோடு ஒட்டி வைத்து உறையவிடக் கூடாது.

பட்டியலின் முதல் வரியில் வாட்ச்மேன் குடும்பத்தை எழுதுங்கள். மோட்டார் அறைக்குப் பக்கத்தில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் அவர்கள்தான். எச்சரிக்கை வந்த அன்று மாலையே அவர்களுக்கு மேல்மாடியில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள்.

26. எந்த வால்வு எதற்கு, எந்த மெயின் எந்த வீட்டுக்கு என்பது ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. 2023-இல் எங்கள் செயலர் வெளியூர் போயிருந்தார், பிளம்பர் தன் வீட்டு வெள்ளத்தில் இருந்தார். மேல்தொட்டி வால்வைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் இருட்டில் தடவினோம், அதற்குள் பாதித் தண்ணீர் போய்விட்டது. வால்வுகளுக்கு நிறம் அடியுங்கள்: குடிநீருக்கு நீலம், போர்வெல் தண்ணீருக்குப் பச்சை, கழிவுநீருக்குக் கறுப்பு. படம் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுங்கள். மொட்டைமாடிச் சாவி, மோட்டார் அறைச் சாவி, மின் அறைச் சாவி மூன்றும் மூன்று வீடுகளில் இருக்கட்டும்.

27. அந்தப் படத்தின் அடியிலேயே எண்களையும் எழுதிவிடுங்கள். மின்னகம் 94987 94987, சென்னை மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. கைப்பேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். கைப்பேசி அணைந்த பிறகு அடுத்தவர் பேசியிலிருந்து அழைக்க எண் சுவரில்தான் இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரும் செப்டம்பர்வரை கிடைப்பார்கள். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதையே முதல் பொருளாக எடுத்து, கூட்டம் முடிந்ததும் எல்லோருமாகக் கீழே இறங்கி அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.